ஒரே குழாயில் கோடையும் குளிர்காலமும்

வட அமெரிக்காவின் பெரும்பாலான தனி வீடுகளில் அறைகளைச் சூடாக்குவதும் குளிர்விப்பதும் காற்றின் வேலை. பேஸ்மென்டிலோ பரணிலோ நிற்கும் ஃபர்னஸ் எரிவாயுவை எரித்துக் காற்றைச் சூடாக்குகிறது. கோடையில் அதன்மேல் பொருத்தியிருக்கும் ஏசி சுருள் அதே காற்றைக் குளிர்விக்கிறது. இரண்டு பருவத்திலும் ஒரே விசிறிதான் அந்தக் காற்றைத் தகரக் குழாய்கள் வழியே அறைதோறும் தள்ளுகிறது. இன்னொரு குழாய்த் தொகுதி அறைகளில் உள்ள காற்றைத் திரும்ப இழுத்து வருகிறது. டக்ட் எனப்படும் இந்தக் குழாய்கள் சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் மறைந்திருப்பதால் வீட்டுக்காரர் அவற்றை ஏறிட்டும் பார்ப்பதில்லை. கனடாவின் ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் தமிழ்க் குடும்பங்கள் வாழும் வீடுகளில் மிகப் பல இத்தகையவையே. டொரொன்டோ வட்டாரத்தில் வடிவமைப்பாளர்கள் உறைநிலைக்குக் கீழே சுமார் 20 டிகிரி செல்சியஸ் குளிரையும் சுமார் 31 டிகிரி கோடை வெப்பத்தையும் கணக்கில் கொள்கிறார்கள். இந்த இரண்டையும் ஒரே குழாய் அமைப்பு தாங்கியாக வேண்டும்.

மேல்மாடிப் படுக்கையறை ஜூலையில் புழுங்குகிறது, அதே நேரத்தில் பேஸ்மென்டில் போர்வை தேவைப்படுகிறது என்பது இந்த வீடுகளில் மிகப் பரவலான குறை. பலர் ஏசி போதவில்லை என்று எண்ணி இன்னும் பெரியதாக ஒன்றை வாங்கி வைக்கிறார்கள். குறை அப்படியே நீடிக்கிறது. காரணம் பெரும்பாலும் இயந்திரத்தில் இல்லை, குழாயில் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து நிலக்கரி ஃபர்னஸ்களில் விசிறியே கிடையாது. சூடான காற்று தானாக மேலே ஏறும், குளிர்ந்த காற்று தானாக இறங்கி வரும். அந்த மெல்லிய ஓட்டத்துக்குத் தடை இருக்கக் கூடாது என்பதற்காக அடித்தளத்திலிருந்து பருமனான குழாய்கள் எல்லாப் பக்கமும் கிளைத்துச் சென்றன. மின்விசிறி வந்த பிறகு குழாய் மெலிந்தது, வளைந்தது, வீட்டின் எந்த மூலைக்கும் போக முடிந்தது. இந்த மாற்றத்தை அனுபவ யூகத்திலிருந்து அளவீட்டுக்குக் கொண்டுவந்ததில் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே 1924இல் ஒரு முழு வீட்டையே ஆய்வுக்கூடமாகக் கட்டி, அறை அறையாக வெப்பநிலையையும் காற்றோட்டத்தையும் அளந்தார்கள். செய்ச்சி கான்ஸோ முதலிய பொறியாளர்கள் பல்லாண்டுகள் உழைத்த அந்த வீட்டில் 1930களில் குளிர்ந்த நீரைக் கொண்டு கோடையில் குளிர்விக்கும் சோதனைகளும் நடந்தன. சூட்டுக்காக அமைத்த குழாயில் குளிர்ந்த காற்றை அனுப்பினால் என்ன ஆகும் என்ற கேள்வி அத்தனை பழையது. பின்னாளில் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஏசி மலிந்தபோது, லட்சக்கணக்கான வீடுகளில் பழைய குழாய்களை மாற்றாமல் குளிர்சுருளை மட்டும் ஃபர்னஸ்மேல் ஏற்றிவிட்டார்கள். இன்றைய குறைகளில் கணிசமானவை அதன் எச்சம்.

சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் எந்த அளவுக்கு வேறுபடுகின்றன என்பதை எண்களில் பார்க்கலாம். எரிவாயு ஃபர்னஸிலிருந்து அறைக்கு வரும் காற்று சுமார் 49 டிகிரி. அறை 21 டிகிரியில் இருந்தால் இடைவெளி 28 டிகிரி. கோடையில் குளிர்சுருளைத் தாண்டி வரும் காற்று சுமார் 13 டிகிரி, அறை 24 டிகிரி, இடைவெளி 11 மட்டுமே. காற்று சுமந்து செல்லும் வெப்பத்தை வாட்டில் அறிய, நொடிக்கு எத்தனை லிட்டர் காற்று என்பதை இந்த இடைவெளியாலும் 1.2 என்ற எண்ணாலும் பெருக்க வேண்டும். ஆகவே ஒரே அளவு வெப்பத்தைக் கொண்டுவர ஒரு பங்கு சூடான காற்று போதும் என்றால், அதே அளவு வெப்பத்தை அகற்ற இரண்டரைப் பங்கு குளிர்ந்த காற்று தேவை.

மேற்கு பார்த்த பெரிய ஜன்னல் உள்ள ஒரு மேல்மாடி அறையை எடுத்துக்கொள்வோம். குளிர்காலத்தில் அது 1,200 வாட் வெப்பத்தை இழக்கிறது, கோடை மாலையில் 1,000 வாட் வெப்பத்தை ஏற்கிறது என்று வைத்துக்கொண்டால், குளிர்காலத்தில் அதற்கு நொடிக்கு 36 லிட்டர் காற்று போதும். கோடையிலோ 76 லிட்டர் வேண்டும். அதே வீட்டின் பேஸ்மென்டில் ஓர் அறை. மண் சூழ்ந்திருப்பதால் கோடையில் அது 150 வாட் மட்டுமே ஏற்கிறது, குளிர்காலத்தில் 900 வாட் இழக்கிறது. அதன் தேவை குளிர்காலத்தில் 27 லிட்டர், கோடையில் 11. மேலறைக்கும் கீழறைக்கும் போக வேண்டிய காற்றின் விகிதம் குளிர்காலத்தில் ஏறத்தாழ நாலுக்கு மூன்று. கோடையில் ஏழுக்கு ஒன்று. டொரொன்டோ போன்ற ஊரில் வீட்டுக்குத் தேவையான மொத்தக் காற்று இரு பருவத்திலும் பெரிதாக மாறாமல் இருக்கக்கூடும். அது எந்த அறைக்கு எவ்வளவு போகிறது என்ற பங்கீடுதான் அடியோடு மாறுகிறது. குழாயோ தகரம், பருவத்துக்கேற்பத் தன் அளவை மாற்றிக்கொள்ளாது. வடிவமைப்பின் சிக்கல் முழுவதும் இந்த ஓரிடத்தில்தான் இருக்கிறது.

ஆகவே அறைவாரியான கணக்கு இல்லாமல் நல்ல குழாய் அமைப்பு கிடையாது. சுவரின் பரப்பு, காப்புப் பொருளின் தரம், ஜன்னலின் திசை, கண்ணாடியின் வகை, கூரை, காற்றுக் கசிவு, குடியிருப்போர் எண்ணிக்கை எல்லாவற்றையும் கொண்டு ஒவ்வோர் அறைக்கும் குளிர்கால இழப்பையும் கோடை வரவையும் தனித்தனியே காண வேண்டும். அமெரிக்காவில் இதற்கு மேனுவல் ஜே என்ற நெறிமுறையும், கனடாவில் எஃப்280 என்ற தரநிலையும் உள்ளன. குழாயின் அளவைக் காண மேனுவல் டி. கணக்கு முடிந்ததும் ஒவ்வொரு கிளைக்குழாயையும் இரு பருவத் தேவைகளில் எது பெரிதோ அதற்கு ஏற்றபடி அமைக்க வேண்டும். மேலே சொன்ன மேல்மாடி அறைக்கு 6 அங்குலக் குழாய் ஒன்றை விட்டுவிட்டுப் போவதே நடைமுறை. அதில் வசதியாகப் போகக்கூடியது நொடிக்கு 45 லிட்டர் அளவுதான். குளிர்காலத்தில் யாரும் குறை சொல்லமாட்டார்கள். கோடையில் அந்த அறை தவிக்கும். அங்கே இரண்டு குழாய்கள் தேவை, அல்லது 8 அங்குலக் குழாய் ஒன்று. விட்டம் 6இலிருந்து 8 அங்குலமாகக் கூடினால், அதே உராய்வில் காற்று இரண்டு மடங்குக்குச் சற்று மேலே போகும்.

பெரிய குழாய் கோடைக்கு உதவும். ஆனால் குளிர்காலத்தில் அதே குழாய் அந்த அறைக்குத் தேவைக்கு மேல் சூட்டைக் கொட்டும். கிளைக்குழாய்க்குள் இருக்கும் டேம்பர் என்ற தகட்டைத் திருப்பி இதைச் சரிசெய்யலாம். ஆண்டுக்கு இருமுறை, ஏசி தொடங்கும்போதும் ஃபர்னஸ் தொடங்கும்போதும், டேம்பர்களைக் குறித்துவைத்த நிலைக்குத் திருப்பினால் போதும். இதற்கு டேம்பர் கைக்கெட்டும் இடத்தில், குழாய் பிரியும் இடத்துக்கு அருகே இருக்க வேண்டும். கட்டி முடித்த பேஸ்மென்ட் கூரைக்குள் அதைப் புதைத்துவிட்டால் பயனில்லை. பணம் இருந்தால் மேல்மாடிக்கு ஒன்று, கீழே ஒன்று என இரண்டு தெர்மோஸ்டாட்டும் மோட்டார் டேம்பர்களும் வைக்கலாம். அப்போது ஒரு பகுதி மூடியிருக்கும் வேளையில் விசிறியும் இயந்திரமும் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் திறன் பெற்றிருக்க வேண்டும். முழு வீட்டுக்கான காற்றைப் பாதி வீட்டுக்குள் திணித்தால் இரைச்சலும் கசிவும் கூடும். பயன்படுத்தாத அறைகளின் காற்றுவாய்களை மூடிவைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்தலாம் என்ற நம்பிக்கையும் இதே காரணத்தால் பொய்க்கிறது.

காற்று அறைக்குள் எந்த இடத்தில் நுழைகிறது என்பது அடுத்த கேள்வி. 49 டிகிரிக் காற்று 21 டிகிரி அறைக் காற்றைவிட ஏறத்தாழ 9 சதவீதம் எடை குறைந்தது. 13 டிகிரிக் காற்று 24 டிகிரிக் காற்றைவிட 4 சதவீதம் கனமானது. சிறிய வேறுபாடுகள்தான், ஆனால் மெதுவாக நகரும் காற்றின் போக்கை அவையே தீர்மானிக்கின்றன. சூடான காற்றைக் கூரையருகே விட்டால் அது அங்கேயே படுத்துக்கொள்ளும், கணுக்கால் சில்லிட்டிருக்கும். குளிர்ந்த காற்றைத் தரையில் மெதுவாக விட்டால் அது தரையில் குளம்போல் தேங்கும், தலைமட்டத்தில் புழுக்கம் மாறாது. உட்கார்ந்திருப்பவரின் தலைக்கும் கணுக்காலுக்கும் இடையே 3 டிகிரிக்கு மேல் வேறுபாடு இருந்தால் மனிதருக்கு அசௌகரியம் என்பது வெப்பவசதித் தரநிலைகள் ஏற்ற அளவு.

குளிர் மிகுந்த ஊர்களில் காற்றுவாயைத் தரையில் ஜன்னலுக்கு நேர்கீழே வைப்பது இதனால்தான். குளிர்ந்த கண்ணாடியை ஒட்டிய காற்று கனத்துக் கீழே வழியும். மேலெழும் சூடான காற்று அதை எதிர்கொண்டு கலந்துவிடும். மயாமி, ஹூஸ்டன் போன்ற வெப்ப ஊர்களில் காற்றுவாய் கூரையில் அல்லது சுவரின் உச்சியில் இருக்கும். அங்கிருந்து வேகமாகக் கிளம்பும் குளிர்ந்த காற்று கூரையை ஒட்டியே ஓடி, அறைக் காற்றைத் தன்னோடு இழுத்துக் கலந்து, வேகம் தணிந்த பிறகே கீழே இறங்கும். ஓடும் தாரை அருகிலுள்ள பரப்பை ஒட்டிச்செல்லும் இந்த இயல்பு ருமேனியப் பொறியாளர் ஹென்றி கோவாண்டாவின் பெயரால் வழங்குகிறது.

இரண்டும் தேவைப்படும் ஊரில் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும். எந்தப் பருவம் கொடியதோ அதற்கு இடம் கொடுத்து, மற்றதை வேகத்தால் ஈடுகட்டுவதே வழக்கமான தீர்வு. தரைக் காற்றுவாயிலிருந்து குளிர்ந்த காற்றைச் செங்குத்தாக, விசிறிபோல் விரித்து, கூரையை எட்டும் அளவு வேகத்தில் விட்டால் கோடையிலும் நன்றாகவே கலக்கும். காற்று எவ்வளவு தூரம் பாய்ந்து நொடிக்கு 0.25 மீட்டர் வேகத்துக்குத் தணிகிறது என்பதைத் தயாரிப்பாளர்கள் பட்டியலிட்டே தருகிறார்கள். அந்தப் பட்டியலைப் பார்த்துக் காற்றுவாயைத் தேர்ந்தெடுப்பவர்கள் குறைவு. விலையையும் தோற்றத்தையும் பார்த்து வாங்கிய அகலமான காற்றுவாயில் காற்று சோர்ந்துபோய் வெளியேறுகிறது. அதன்மேல் சோபாவையோ கனத்த திரையையோ போட்டுவிட்டால் சொல்லவே வேண்டாம். புதிய வீடுகளில் இரட்டை, மும்மடிக் கண்ணாடி ஜன்னல்கள் வந்துவிட்டதால் ஜன்னலருகே வழியும் குளிர் பெரிதும் தணிந்துவிட்டது. அத்தகைய வீட்டில் உட்சுவரின் உயரத்திலிருந்தே வெளிச்சுவரை நோக்கிக் காற்றை வீசலாம். குழாய் குட்டையாகும், இழப்பும் குறையும்.

திரும்பும் காற்றின் வழியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஓர் அறைக்குள் போன காற்று வெளியே வர வழி இல்லாவிட்டால் மேலும் காற்று உள்ளே போகாது. படுக்கையறைக் கதவைச் சாத்தியதும் அறையில் அழுத்தம் ஏறுகிறது, நடுக்கூடத்தில் அழுத்தம் இறங்குகிறது. அந்த இறக்கத்தை ஈடுகட்ட வெளிக்காற்று சந்துபொந்து வழியாக வீட்டுக்குள் நுழைகிறது. ஒவ்வொரு படுக்கையறைக்கும் தனித் திரும்புகுழாய் வைப்பது சிறந்தது. இயலாவிட்டால் கதவின்மேல் ஒரு கிரில், அல்லது கூரைவழியே அறையையும் கூடத்தையும் இணைக்கும் குட்டைக் குழாய். கதவின் அடியில் விடும் இடைவெளி பெரும்பாலும் போதாது. ஆனால் திரும்புவாய் எங்கே இருக்கிறது என்பது அறைக்குள் காற்று கலப்பதை அதிகம் பாதிக்காது, ஏனென்றால் ஊதும் காற்று தூரம் போகும், உறிஞ்சும் இழுப்போ வாயருகிலேயே தீர்ந்துவிடும். மேல்மாடியில் மட்டும் இது சற்று மாறுகிறது. அங்கே கூரையருகே தேங்கும் வெப்பத்தைக் கோடையில் இழுத்துவர உயரத்தில் ஒரு திரும்புவாய் நன்மை செய்யும். சில கனடிய வீடுகளில் ஒரே சுவரில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு திரும்புவாய்கள் இருக்கின்றன. கோடையில் மேலதைத் திறந்து கீழதை மூடுவார்கள், குளிர்காலத்தில் மாற்றிக்கொள்வார்கள். எளிய, செலவில்லாத ஏற்பாடு.

குழாயின் அளவை இறுதியாக முடிவுசெய்வது அழுத்தம். வீட்டு ஃபர்னஸ் விசிறிகள் பொதுவாக 125 பாஸ்கல் அழுத்தத்துக்கு எதிராகத் தேவையான காற்றைத் தள்ளும்படி தரமிடப்பட்டவை. நனைந்த குளிர்சுருள் அதில் 50 பாஸ்கலை எடுத்துக்கொள்ளும். ஃபில்டர் 25, காற்றுவாய், கிரில், டேம்பர் மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 22. மிஞ்சுவது 28 பாஸ்கல். மிக நீண்ட வழியில் போய்த் திரும்பும் முழுப் பயணத்துக்கும் இவ்வளவுதான் கையிருப்பு. அந்த வழியின் நீளத்தை அளவுநாடா சொல்லாது. உள்வளைவில்லாமல் செங்குத்தாக வெட்டித் திரும்பும் ஒரு சதுர முழங்கை 15 மீட்டருக்கும் மேற்பட்ட நேர்க்குழாய்க்குச் சமமான தடையைத் தரும். அதையே வளைத்துச் செய்தாலோ உள்ளே வழிகாட்டும் தகடுகள் வைத்தாலோ தடை பலமடங்கு குறையும். இப்படி எல்லா வளைவுகளையும் சேர்த்தால் 80 மீட்டர் வருவது இயல்பு. 28 பாஸ்கலை 80ஆல் வகுத்தால் மீட்டருக்கு 0.35 பாஸ்கல். பல நிறுவுநர்கள் பழக்கத்தால் எடுக்கும் எண் மீட்டருக்கு சுமார் 0.8. அதைக் கொண்டு அளவெடுத்த குழாய்கள் எல்லாமே ஒரு சுற்றுச் சிறியவை. குளிர்சுருள் இல்லாத காலத்து ஃபர்னஸுக்கு அந்த எண் ஓரளவு பொருந்தியது. ஏசி வந்த வீட்டுக்குப் பொருந்தவில்லை.

குழாய் சிறுத்தால் விளைவு இரு பருவத்திலும் தெரியும். குளிர்காலத்தில் காற்றுப் போதாமல் ஃபர்னஸ் மிகையாகச் சூடேறி, காப்பு விசை அதை நிறுத்தும். கோடையில் குளிர்சுருளில் பனி படியும். நவீன விசிறிகள் குறைந்த காற்றைத் தாங்களே உணர்ந்து வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். ஆனால் விசிறி விதிப்படி, வேகம் கூடும் விகிதத்தின் மும்மடிப் பெருக்கத்தில் மின்சாரம் ஏறும். கூடவே இரைச்சலும் வரும். முதன்மைக் குழாயில் காற்றின் வேகம் நொடிக்கு 4.5 மீட்டரையும், திரும்புகுழாயில் 3.5 மீட்டரையும் தாண்டாமல் இருப்பது நல்லது. வளையும் பிளாஸ்டிக் குழாய்களில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். அவற்றை இழுத்து நேராக்காமல் சுருங்கியபடி விட்டால் தடை பலமடங்காகிவிடும்.

கசிவைச் சொல்லாமல் விடமுடியாது. சராசரி அமெரிக்க வீட்டில் குழாயில் ஓடும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் அறைகளை எட்டாமலே இழக்கப்படுகிறது என்று அந்நாட்டின் எனர்ஜி ஸ்டார் திட்டம் கூறுகிறது. தெற்கு மாநிலங்களில் குழாய்களைப் பரணில் போடும் வழக்கம் இதை மோசமாக்குகிறது. கோடைப் பகலில் 50 டிகிரியைத் தாண்டும் பரணில் 13 டிகிரிக் காற்றை நடத்திச் செல்வது அடிப்படையிலேயே தவறான ஏற்பாடு. காப்புறை சரியில்லாவிட்டால் குழாயின்மேல் நீர் வியர்த்துக் கூரையில் சொட்டும். குழாய் முழுவதையும் சூடும் குளிரும் தாக்காத எல்லைக்குள், மாடித் தளத்தின் இடைவெளியிலோ பேஸ்மென்டிலோ அமைப்பதே இதற்கு மருந்து. டக்ட் டேப் என்றே பெயர் பெற்ற துணிநாடா டக்ட்டை அடைக்க உதவாது என்பதை லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் மேக்ஸ் ஷெர்மனும் இயன் வாக்கரும் 1990களில் சோதித்துக் காட்டினார்கள். சூட்டில் அதன் பசை காய்ந்து விட்டுப்போகிறது. மாஸ்டிக் என்ற பசைக்குழம்பைத் தூரிகையால் மூட்டுகளில் பூசினால் பல்லாண்டுகள் நிற்கும்.

ஈரப்பதமும் குழாயோடு தொடர்புடையதே. ஒரு டன் ஏசி என்பது 3,517 வாட். அதற்கு வழக்கமாக நொடிக்கு 189 லிட்டர் காற்று அனுப்புகிறார்கள். 11 டிகிரி இடைவெளியில் அது காற்றைக் குளிர்விப்பது சுமார் 2,500 வாட். மீதியுள்ள பங்கு காற்றிலிருந்து நீரைப் பிழிவதற்குச் செலவாகிறது. புழுக்கமான ஊர்களில் காற்றின் அளவைச் சற்றுக் குறைத்தால் சுருள் இன்னும் குளிர்ந்து கூடுதல் நீரை எடுக்கும். தேவைக்கு மேல் பெரிய ஏசி சில நிமிடங்களில் அறையைக் குளிர்வித்து நின்றுவிடுகிறது. ஈரம் அப்படியே இருக்கும். பெரிதாக வாங்கினால் வசதி கூடும் என்ற எண்ணம் இங்கே முழுக்கத் தவறு.

ஃபர்னஸுக்குப் பதில் வெப்பப் பம்பு பரவிவருவதால் இந்தக் கணக்குகள் மேலும் முக்கியமாகின்றன. அது தரும் காற்று ஃபர்னஸ் தருவதுபோல் 49 டிகிரி இருக்காது, 38 டிகிரி அளவிலேயே இருக்கும். மேலே கண்ட மேல்மாடி அறைக்குக் குளிர்காலத்தில் 36 லிட்டருக்குப் பதில் 59 லிட்டர் வேண்டியிருக்கும், பேஸ்மென்ட் அறைக்கு 27க்குப் பதில் 44. உடல் வெப்பத்துக்கு நெருங்கிய அந்தக் காற்று நேரே மேனியில் பட்டால் குளிர்வதுபோல் இருக்கும். அதனால் காற்றுவாய் ஆள் இருக்கும் இடத்தை நோக்காமல் சுவரையும் ஜன்னலையும் நோக்க வேண்டும். பழைய ஃபர்னஸின் குழாயில் வெப்பப் பம்பைப் பொருத்துவதற்கு முன் குழாயின் கொள்ளளவை அளந்து பார்ப்பது கட்டாயம்.

நிறுவிய பிறகு சரிபார்க்கக் கருவிகள் உண்டு. குழாய் அமைப்பை 25 பாஸ்கல் அழுத்தத்துக்கு ஊதிக் கசிவை அளக்கலாம். ஒவ்வொரு காற்றுவாயின்மேலும் அளவைக் கூடையை வைத்து, வரைபடத்தில் எழுதியிருக்கும் எண்ணோடு ஒப்பிட்டு டேம்பரைத் திருத்தலாம். ஆன்டாரியோவில் புதிய வீடு கட்ட அனுமதி கேட்கும்போது வெப்பக் கணக்கும் குழாய் வரைபடமும் சமர்ப்பிக்கப்படுகின்றன. வீடு வாங்குபவர்கள் அதன் நகலைக் கேட்டுப் பெற்று, கோடைக்கும் குளிர்காலத்துக்கும் அறைவாரியாகத் தனித்தனி எண்கள் உள்ளனவா என்று சுவர்கள் மூடப்படும் முன்பே பார்த்துவிட வேண்டும்.